2ஆம் எண் சட்டை யாருக்கு? தேசிய ரக்பி அணிக்கு ஹூக்கரைத் தேர்ந்தெடுக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு நாட்டின் ரக்பி அணிப் பட்டியல் வெளியானதும் சண்டை எல்லாம் ஆட்டத்தை நடத்துகிற 10ஆம் எண்ணைப் பற்றித்தான் நடக்கும். விங்கில் ஓடுகிறவர் யார், கோல் உதைப்பவர் யார் என்று விடிய விடியப் பேசுவோம். 2ஆம் எண்ணில் யார் பெயர் இருக்கிறது என்று யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆட்டம் தோற்ற பிறகு மட்டும் "லைன்அவுட்டே சரியில்லைப்பா" என்று ஒரு புலம்பல் வரும். அந்த லைன்அவுட்டில் பந்தை எறிகிறவர் அதே 2ஆம் எண்காரர்தான், அதாவது ஹூக்கர்.

ரக்பியைப் பாதி புரிந்து பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு காகிதமும் பேனாவும் இருந்தால் போதும். எடுத்துக்காட்டுக்குத் தென்னாப்பிரிக்காவை எடுத்துக்கொள்கிறேன். போங்கி ம்போனாம்பி, மால்கம் மார்க்ஸ் என்று இரண்டு ஹூக்கர்கள் அங்கே. இருவரும் 2016இல்தான் முதல் டெஸ்ட் (ரக்பியில் நாடுகளுக்கு இடையிலான ஆட்டம்) ஆடினார்கள். இருவரில் யாரைத் தொடக்கத்தில் இறக்குவது என்ற கேள்வி அந்த அணியை வருடக்கணக்கில் விடவில்லை. இதைவிட நல்ல பாடம் வேறு கிடைக்காது.

முதலில் அந்த ஆளின் வேலையைப் பாருங்கள்

ஸ்க்ரம் என்பது இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் பூட்டிக்கொண்டு எதிரெதிரே தள்ளி, நடுவில் போடும் பந்துக்குப் போட்டி போடுவது. அதன் முன்வரிசையில் மூன்று பேர். இடப்பக்கம் 1, லூஸ்ஹெட் பிராப். வலப்பக்கம் 3, டைட்ஹெட் பிராப். நடுவில் ஹூக்கர். இரண்டு கைகளையும் பக்கத்து பிராப்களைச் சுற்றிப் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை எதிரணித் தோள்களுக்கு இடையில் செருகி நிற்பார். கபடியில் கைகோத்து நிற்கிறார்களே, அதுபோல என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே கையை உதறிவிட்டு நகரலாம். இங்கே ஸ்க்ரம் சரிந்தால் தரையில் ஊன்றக்கூட ஹூக்கருக்கு ஒரு கை கிடையாது.

ஸ்க்ரம்-ஹாஃப் (9ஆம் எண்காரர்) பந்தை உள்ளே போட்டதும் ஹூக்கர் அதைக் காலால் கொக்கி போட்டுப் பின்னால் இழுக்க வேண்டும். ஹூக்கர் என்ற பெயரே அப்படி வந்ததுதான். இழுப்பதற்கு ஒரு காலைத் தூக்கியாக வேண்டும். தூக்கிய அந்த நொடியில் அவரால் முழு பலத்தோடு தள்ள முடியாது. எதிரே எட்டுப் பேர் தள்ளுகிறார்கள், நம் பக்கம் ஏழரைப் பேர்தான். (ஏழரை என்றால் தமிழில் என்ன அர்த்தமோ, ஸ்க்ரம்மிலும் பல நேரம் அதே அர்த்தம்தான்.) அதனால் காலை வேகமாக வீசி உடனே தரையில் ஊன்றுகிற ஹூக்கருக்கு மதிப்பு அதிகம். உடம்பு எடை மட்டும் பார்த்து ஆளை எடுத்தால் இங்கேதான் மாட்டிக்கொள்வோம்.

அடுத்தது லைன்அவுட். பந்து பக்கக்கோட்டைத் தாண்டிப் போனால், இரண்டு அணிகளும் இரண்டு வரிசையாக நிற்க, நடுவில் உள்ள இடைவெளியில் ஹூக்கர் பந்தை எறிவார். அதற்குள் தன் அணியின் லாக் (ஸ்க்ரம்மின் இரண்டாம் வரிசையில் நிற்கும் உயரமான ஆள்) ஒருவரை இரண்டு பேர் மேலே தூக்கியிருப்பார்கள். அவர் உச்சிக்குப் போகிற அந்த நேரத்துக்குச் சரியாகப் பந்து அவர் கையில் இருக்க வேண்டும். வரிசை கோட்டிலிருந்து 5 மீட்டரில் தொடங்கி 15 மீட்டரில் முடியும். முன்னால் நிற்பவருக்கு எறிவது சுலபம். வால் பக்கம், அதாவது 15 மீட்டர்ப் பக்கம் நிற்பவருக்கு, காற்றடிக்கிற மைதானத்தில், எதிரணி ஆள் ஒருவரும் எகிறிக்கொண்டிருக்கும்போது எறிவது தனிக் கலை.

இந்த இரண்டும் போக, ரக்கில் (தரையில் கிடக்கும் பந்துக்காக நடக்கும் தள்ளுமுள்ளில்) பந்தைப் பறிப்பது, தடுப்பது, பந்தோடு மோதி முன்னேறுவது எல்லாம் உண்டு. அது மற்ற ஃபார்வர்டுகளும் (ஸ்க்ரம்மில் தள்ளுகிறவர்களும்) செய்கிற வேலை. ஹூக்கருக்கென்றே உள்ளவை முதல் இரண்டும்தான்.

எறிதலை எண்ணுங்கள், ட்ரையை எண்ணாதீர்கள்

எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பதுதான் ட்ரை. நானும் ஆரம்பத்தில் ட்ரை எண்ணித்தான் ஹூக்கரை மதிப்பிட்டேன். பட்டியலைத் திறந்தால் ஹூக்கர்கள் பெயரில் ட்ரைகள் குவிந்து கிடக்கும். 2019 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவின் ஹூலியான் மொந்தோயா டோங்காவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று ட்ரை போட்டார். ஆகா, என்ன ஓட்டம் என்று நினைப்போம். ஆனால் ஹூக்கர்கள் போடும் ட்ரைகளில் பெரும்பகுதி எப்படி வருகிறது? எதிரணிக் கோட்டுக்குப் பக்கத்தில் லைன்அவுட். பந்தை எறிந்துவிட்டு ஹூக்கர் ஓடிவந்து மாலின் (பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே கூட்டமாகத் தள்ளுவதின்) கடைசியில் ஒட்டிக்கொள்வார். பந்தை அவர் கையில் கொடுத்துவிட்டு முன்னால் ஏழு பேர் தள்ளுவார்கள். கோடு வந்ததும் அவர் விழுவார். பெயர் அவருக்கு, வியர்வை மொத்தப் படைக்கும்.

ஆகவே காகிதத்தில் மூன்று கட்டம் போடுங்கள்: முன், நடு, வால். ஒவ்வொரு எறிதலுக்கும் அந்தந்தக் கட்டத்தில் ஒரு குறி. சுத்தமாகப் பிடித்தால் கோடு, இழந்தால் வட்டம், நம் பக்கமே வந்தாலும் தட்டுத்தடுமாறி வந்தால் ஒரு புள்ளி. ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் பத்திலிருந்து பதினைந்து லைன்அவுட் வரை கிடைக்கும். பன்னிரண்டில் இரண்டு போனால் பரவாயில்லை. நான்கு போனால் அந்த ஆட்டத்தில் எந்தத் திட்டமும் நடக்காது. இது என் அளவுகோல். நீங்கள் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

வட்டம் போட்டதும் ஹூக்கரைத் திட்டிவிடாதீர்கள். மறுஒளிபரப்பு காட்டும்போது மூன்று விஷயம் பாருங்கள். தூக்கப்பட்டவர் உச்சியில் இருந்தபோது பந்து எங்கே இருந்தது? அவர் இறங்கத் தொடங்கிய பிறகு பந்து வந்திருந்தால் நேரம் பிசகியிருக்கிறது. பாதி தவறு தூக்கியவர்களுடையது. பந்து அவர் தலைக்கு மேலே பறந்து போனதா? அது எறிந்தவர் கணக்கு. எதிரணி ஆள் ஒருவர் அவருக்கு முன்னாலேயே எகிறிவிட்டாரா? அப்படியென்றால் அழைப்பை, அதாவது யாருக்கு எறிவது என்ற ரகசியக் குறிச்சொல்லை, அவர்கள் ஊகித்துவிட்டார்கள். லைன்அவுட்டை நடத்துகிற லாக்கிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. நேராக எறியாவிட்டால் முன்பெல்லாம் நடுவர் உடனே விசில் அடிப்பார். இப்போது எதிரணி எகிறிப் போட்டி போடாவிட்டால் ஆட்டத்தைத் தொடர விடுகிறார்கள். அதனால் பழைய ஆட்டங்களின் கணக்கையும் புதிய ஆட்டங்களின் கணக்கையும் கலக்க வேண்டாம்.

2018 நவம்பர், ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தை இந்தக் காகிதத்தோடு பாருங்கள். முதல் பாதி முழுக்கத் தென்னாப்பிரிக்கா எதிரணி எல்லைக்குள்ளேயே நிற்கிறது. இங்கிலாந்தின் லாக் மாரோ இட்டோஜே மஞ்சள் அட்டை வாங்கிப் பத்து நிமிடம் வெளியே போகிறார். அப்படியும் மார்க்ஸ் எறிந்த பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தவறிப்போகின்றன. முடிவு 12–11, இங்கிலாந்துக்கு வெற்றி. அதே மார்க்ஸ் அதற்கு ஓராண்டு முன்பு, 2017 அக்டோபரில், கேப் டவுனில் நியூசிலாந்துக்கு எதிராகப் பந்துகளைப் பறித்துக்கொண்டே இருந்தார். ஒரு ட்ரையும் போட்டார். அந்த ஆட்டமும் 24–25 என்று தோல்விதான். ஆனால் உலகத்திலேயே இவரைவிட நல்ல ஹூக்கர் உண்டா என்று கேட்கவைத்த ஆட்டம். ஒரே ஆள், இரண்டு முகம். "சிறந்த ஹூக்கர் யார்" என்று கேட்டால் மார்க்ஸ் என்று சொல்லிவிடலாம். "யார் தொடங்க வேண்டும்" என்பது வேறு கேள்வி.

தோள்களைப் பொருத்திப் பாருங்கள்

இது சீக்கிரம் முடிகிற படி. ஹூக்கரைத் தனியாக எடுக்க முடியாது. இருபக்கமும் நிற்கிற பிராப்களோடு தோள் உயரம் ஓரளவு பொருந்த வேண்டும். சேர்ந்து ஆடிய பழக்கமும் வேண்டும். ஒரே மாகாண அணியிலிருந்தோ கிளப்பிலிருந்தோ மூன்று பேரும் வந்தால் பாதிக் கவலை விட்டது. மார்க்ஸ் உயரமானவர், 1.88 மீட்டருக்குப் பக்கம். ம்போனாம்பி குட்டையானவர், 1.76க்கு அருகில். இந்த இருவரையும் ஒரே பிராப்களுக்கு நடுவில் மாற்றி மாற்றி வைத்தால் ஸ்க்ரம்மின் வடிவமே மாறும். அந்த அணி பல நேரம் முன்வரிசை மூவரையும் மொத்தமாகவே மாற்றியது.

பெஞ்சிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்

நான் சொல்ல வந்ததே இந்தப் படியைத்தான். மற்றதெல்லாம் இதற்கு ஏற்பாடு.

ஆட்ட நாளுக்கான அணி 23 பேர்: 15 பேர் களத்தில், 8 பேர் பெஞ்சில். அந்த எட்டில் முன்வரிசையின் மூன்று இடங்களுக்கும் ஆளுக்கொருவர் இருந்தாக வேண்டும். பயிற்சி இல்லாதவரை ஸ்க்ரம் நடுவில் நிறுத்தினால் கழுத்துக்கு ஆபத்து என்பதால் விதி இப்படி. ஆக, எந்தப் பயிற்சியாளரும் ஒரு ஹூக்கரை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. இருவரைத் தேர்ந்தெடுத்து 80 நிமிடத்தை அவர்களுக்குப் பங்கு பிரிக்கிறார். வழக்கமாக முதல்வருக்கு ஐம்பது நிமிடம், அடுத்தவருக்கு முப்பது. கேள்வியை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: கடைசி முப்பது நிமிடத்துக்கு யார் வேண்டும்? அந்தப் பெயரை 16ஆம் எண்ணில் முதலில் எழுதுங்கள். மீதி இருப்பவர் 2.

ஏன் இந்தத் தலைகீழ் வழி? முதல் இருபது நிமிடம் எல்லோரும் துடிப்பாக இருப்பார்கள். தடுப்புச் சுவரில் ஓட்டை கிடைக்காது. அப்போது தேவை சுத்தமான எறிதல், உறுதியான ஸ்க்ரம், வாரம் முழுக்க ஒத்திகை பார்த்த நகர்வுகள். ஐம்பது நிமிடத்துக்குப் பிறகு கால்கள் கனக்கும். எதிரணி பிராப் ரக்கிலிருந்து எழுந்து நிற்கவே நேரம் எடுத்துக்கொள்வார். அந்த நேரத்தில் பந்தின் மேல் குனிந்து பறிக்கிற ஒருவர் புதிதாக உள்ளே வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

2019 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்கப் பயிற்சியாளர் ராசி எராஸ்மஸ் செய்தது இதைத்தான். ம்போனாம்பியைத் தொடக்கத்தில் இறக்கினார். மார்க்ஸ், ஸ்டீவன் கிட்ஸ்ஹாஃப், வின்சென்ட் கோக் மூவரையும் பெஞ்சில் வைத்தார். பெஞ்சில் ஆறு ஃபார்வர்டு, இரண்டு பேக் (ஸ்க்ரம்முக்கு வெளியே நின்று பந்தோடு ஓடுகிறவர்கள்). அந்தக் கூட்டத்துக்கு வெடிகுண்டுப் படை என்றே பெயர் வந்துவிட்டது. "உலகத்தின் சிறந்த ஹூக்கரைப் பெஞ்சிலா உட்காரவைப்பது" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். பெஞ்ச் என்றால் தண்டனை என்று கிரிக்கெட் பார்த்து வளர்ந்த மூளை நினைக்கிறது. அதை முதலில் கழற்றி வைக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2019 நவம்பர் 2, யோகோஹாமா, இறுதி ஆட்டம். ஐம்பது, முப்பது என்று போட்ட கணக்கு இருபது நிமிடம் தாண்டியதுமே உடைந்தது. தலையில் அடிபட்டு ம்போனாம்பி வெளியே போக, மார்க்ஸ் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆடினார். ஸ்க்ரம்மில் இங்கிலாந்து பெனால்டிக்கு மேல் பெனால்டி கொடுத்தது. தென்னாப்பிரிக்கா 32–12 என்று வென்றது. திட்டம் கலைந்தும் அணி கலையவில்லை. காரணம், 16ஆம் எண்ணில் இருந்தவர் 2ஆம் எண்காரருக்குச் சற்றும் குறைந்தவர் இல்லை. இதையும் காகிதத்தில் ஒரு கேள்வியாக எழுதிக்கொள்ளுங்கள்: நான் எழுதிய 16, பத்தாவது நிமிடத்திலேயே உள்ளே வர நேர்ந்தால் தாங்குவாரா?

எதிரணியைப் பார்த்து ஒரு திருத்தம்

எதிரே யார் என்பதைப் பொறுத்து முடிவு கொஞ்சம் மாறலாம். லைன்அவுட்டில் எதிரணிப் பந்தைத் திருடுகிற லாக்குகள் உள்ள அணி என்றால் எறிதல் சுத்தமானவர் தொடங்கட்டும். 2023 செப்டம்பரில் பாரிஸில் அயர்லாந்து பட்ட பாடு நினைவிருக்கலாம். டான் ஷீஹன் காயத்திலிருந்து மீண்டு பெஞ்சில் இருந்ததால் ரோனன் கெல்லஹர் தொடங்கினார். தென்னாப்பிரிக்காவுக்கு எதிரே ஆரம்ப லைன்அவுட்கள் அடுத்தடுத்துப் போயின. அயர்லாந்து 13–8 என்று வென்றது என்றாலும், அந்த முதல் பாதியை அவர்கள் ரசிகர்கள் நகத்தைக் கடித்துக்கொண்டுதான் பார்த்திருப்பார்கள். மழை, காற்று இருந்தாலும் இதே விதிதான். எதிரணி ஸ்க்ரம் பலவீனம் என்றால் கணக்கைத் திருப்பிப் போட்டு, பந்து பறிப்பவரையே தொடக்கத்தில் விட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது ஆளை மறந்துவிடாதீர்கள்

உலகக் கோப்பை மாதிரி நீண்ட தொடருக்கு 33 பேர் கொண்ட அணி. அதில் வழக்கமாக மூன்று ஹூக்கர்கள் இருப்பார்கள். மூன்றாமவர் பெரும்பாலும் பயிற்சியில்தான் வியர்வை சிந்துவார். அதனால் அந்த இடத்தைச் சிக்கனப்படுத்தலாமே என்று ஆசை வரும். ஃபிளாங்கர் (ஸ்க்ரம்மின் ஓரத்தில் நிற்கும் ஃபார்வர்டு), ஹூக்கர் இரண்டும் ஆடத் தெரிந்த ஒருவர் கிடைத்தால் ஆசை இன்னும் கூடும்.

2023இல் தென்னாப்பிரிக்கா அந்த ஆசைக்குப் போனது. மார்க்ஸ், ம்போனாம்பி, மூன்றாவதாக டியோன் ஃபூரி. ஃபூரி இளவயதில் ஹூக்கராக ஆடியவர், பிறகு ஃபிளாங்கர். ஸ்காட்லாந்தை வென்ற முதல் ஆட்டத்துக்குப் பிறகு, பயிற்சியில் மார்க்ஸின் முழங்கால் போனது. மாற்றாக ஒரு ஹூக்கரை அழைப்பார்கள் என்று எல்லோரும் காத்திருக்க, அழைப்பு போனது ஹான்ட்ரே போலார்டுக்கு. அவர் ஆடுவது 10ஆம் எண்ணில்! காயத்தால் முதல் பட்டியலில் இடம்பெறாதவர், கோல் உதைப்பதில் கெட்டிக்காரர். அதன்பின் முழுநேர ஹூக்கர் என்று அணியில் மிஞ்சியவர் ம்போனாம்பி ஒருவர்தான்.

அக்டோபர் 28, இறுதி ஆட்டம், நியூசிலாந்து எதிரே. நம் ஊரில் நள்ளிரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. காபி ஆறுவதற்குள், மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது, நியூசிலாந்தின் ஷானன் ஃப்ரிஸெல் ரக்கில் ம்போனாம்பியின் கால்மேல் விழ, முழங்கால் மடங்கியது. நொண்டிக்கொண்டே வெளியேறினார். 37 வயது ஃபூரி உள்ளே வந்து மீதி ஆட்டம் முழுக்க ஆடினார். ஸ்க்ரம்மில் தாக்குப்பிடித்தார். தடுப்பில் விழுந்து விழுந்து எழுந்தார். ஆனால் லைன்அவுட்? என் காகிதத்தில் வட்டங்கள் வரிசையாக விழுந்தன. நியூசிலாந்து கேப்டன் சாம் கேன் சிவப்பு அட்டை வாங்கி, அவர்கள் 14 பேரோடு ஆடியும் கடைசி வரை இழுபறி. 12–11 என்று தென்னாப்பிரிக்கா வென்றது. ட்விக்கன்ஹாமில் தோற்ற அதே கணக்கு, இந்தமுறை தங்கள் பக்கம்.

இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாப் படிகளின்படியும், மார்க்ஸுக்கு மாற்றாக ஹூக்கரை அழைக்காத அந்த முடிவு தவறு. இறுதி ஆட்டத்தின் பெஞ்சில் ஏழு ஃபார்வர்டு, ஒரே ஒரு பேக். அந்த ஏழில் ஒருவர்கூட முழுநேர ஹூக்கர் இல்லை. நீங்கள் அணி எழுதும்போது இப்படிச் செய்யாதீர்கள். மார்க்ஸ் விழுந்த அன்று என் கையில் பேனா இருந்திருந்தால் ஜோசப் ட்வேபா என்று எழுதியிருப்பேன். ஏற்கெனவே டெஸ்ட் ஆடியவர், முழுநேர ஹூக்கர், கையில் எறிதல் உள்ளவர். போலார்டை அழைக்கவே மாட்டேன்.

அரையிறுதியில் இங்கிலாந்தை 16–15 என்று சாய்த்த கடைசி நேர பெனால்டியை அடித்தவர் போலார்ட். இறுதி ஆட்டத்தின் 12 புள்ளிகளும் அவர் உதைத்த நான்கு பெனால்டிகள். என் அணியில் அந்த உதைகள் ஏற்கெனவே அணியில் இருந்த 10ஆம் எண்காரர் மானி லிபாக்குக்குப் போயிருக்கும். அயர்லாந்து ஆட்டத்தில் அவர் விட்ட உதைகளையும் அதே காகிதத்தின் பின்பக்கம் எண்ணி வைத்திருக்கிறேன்.